இருநூறு மணித்தியாலம்

காலபோக அறுவடை முடிந்து நெல் வீதிக்கு வந்துவிட்டது. கண்டாவளைக்குள் இறங்கும் தார் வீதியின் ஒரு பக்கப் பாதியில் நீளத்துக்கும் நெல்தான் கிடந்தது. வாகனக்காரர்கள் மற்றப் பாதியால் திட்டிக்கொண்டு போனார்கள். அவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு எங்கேயாவது வயல் இருந்தபடியால் அந்தத் திட்டலில் பெரிய காரம் இருக்கவில்லை. மில்காரர்கள் ஈரநெல்லைத் தொடமாட்டோம் என்றார்கள். மாசி பிறந்தும் வானம் தெளியவில்லை.

கனகலிங்கம் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து சால் பிரித்துக்கொண்டிருந்தார். மறு கரையில் மனைவி விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு கல்லும் சப்பி நெல்லும் பொறுக்கினாள். கனகலிங்கத்தின் தகப்பன் வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து காடு வெட்டியவர். அவர் விட்டுப்போன வயலில் வாய்க்கால் கரையோடு இருந்த நல்ல துண்டு இப்போது வேறு ஒருவருடையது. மிஞ்சியிருப்பது பள்ளத்துத் துண்டு. உவர் ஏறிய நிலம். பாதிக் கதிர் பதராகத்தான் வரும்.

கணபதி மோட்டார் சைக்கிளை மதகடியில் நிறுத்திவிட்டு வந்தார்.

"ஐயா, கெழக்கால பாத்தீங்களா? கறுத்துக்கிட்டு வருது."

"பாத்தனான். இஞ்சால வராது எண்டு நினைக்கிறன்."

"வரும் ஐயா. காத்து மாறிருச்சு."

சொல்லி முடிவதற்குள் முதல் துளி தார் வீதியில் விழுந்தது. கணபதி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையைப் பிடித்தார். கனகலிங்கம் மறுபுறம் பிடித்தார். இரண்டு பேரும் நெல்லைத் தள்ளிக் கும்பி கட்டக் கட்ட, விமலேஸ்வரி பின்னால் கூட்டிக்கொண்டு வந்தாள். படங்கை இழுத்து மூடி, ஓரத்தில் கல் வைத்து முடிக்கும்போது மூன்று பேரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். ஓரத்து நெல் கொஞ்சம் வெள்ளத்தோடு போய்விட்டது. கனகலிங்கம் அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாரும், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

கணபதி கைக்குழந்தையாக இந்த மண்ணுக்கு வந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து தாய் அவரை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தாள். மீசை அரும்பும் முன்பே கனகலிங்கத்தின் வயலில் கூலிக்கு இறங்கியவர். சண்டை முடிந்து மீளக் குடியேறி, மாவட்டக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் செருப்புத் தேய நடந்து, சில வருடங்களுக்கு முன்புதான் இரண்டு ஏக்கர் அரச காணிக்கு பெர்மிட் கிடைத்தது. கூலிக்குப் போவதை அத்தோடு நிறுத்திக்கொண்டார். அதுவரை அவரை 'நீ' என்று கூப்பிட்ட கனகலிங்கம் அதற்குப் பிறகு 'நீர்' என்று கூப்பிடத் தொடங்கினார். அந்த மாற்றத்தை இரண்டு பேரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விறாந்தையில் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, ஈரத் தலையைத் துவாயால் துடைத்தபடி கணபதி விசயத்துக்கு வந்தார்.

"ஐயா, நம்ம மக நிரோஜா விசயமா ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு வந்தேன்."

"பிள்ளை கம்பசுக்கு எடுபட்டிட்டாள் எண்டு கேள்விப்பட்டனான். நல்ல சந்தோசம்."

"ஆமாங்க. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். பௌதிக விஞ்ஞானமாம். ஆனா அது நாலு வருசம் ஐயா. அதுக்குப் பொறகு வேல கேட்டு கச்சேரி வாசல்ல பட்டதாரிங்களோட போயி குந்தணும். போன மாசம் கிளிநொச்சியில ஒரு மண்டபத்துல மீற்றிங் வச்சாங்க. கோட்டுப் போட்ட ஒருத்தரு வந்து படம் போட்டுக் காட்டுனாரு. விமானி படிப்பு. வெளிநாட்டுல பதினாறு மாசம், விரைவுப் பயிற்சியாம். முடிச்ச ஒடனே லைசென்ஸ். ஒலகம் பூரா பைலட்டுக்குத் தட்டுப்பாடுன்னு கணக்கெல்லாம் காட்டுனாரு."

விமலேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பைகளோடு குசினி வாசலில் நின்றுவிட்டாள்.

"அந்த மீற்றிங்கில நம்ம திலீபன் தம்பி பேரயும் சொன்னாங்க ஐயா. கண்டாவளையில இருந்து ஒரு வெவசாயி மகன் பைலட்டா வந்திருக்காருன்னு. எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. அந்தத் தம்பிய நான் தோள்ல தூக்கி வாய்க்கால் கடத்தியிருக்கேன்னு பக்கத்துல இருந்தவருகிட்ட சொன்னேன்."

கனகலிங்கம் தேத்தண்ணியை வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார்.

"வீட்டுல வீரம்மாதான் பயப்புடுறா. காணிய வித்துக் காசு கட்டணும்ல. நீங்க ஒரு வார்த்த, போகலாம்னு சொன்னாப் போதும். தம்பி எப்புடி வேலயில சேந்தாரு, அந்த வழிய மட்டும் சொல்லிக் குடுத்தாருன்னா..."

"தம்பி இந்தக் கிழமை வாறானாம்" என்றார் கனகலிங்கம். "கேட்டுச் சொல்லுறன்."

கணபதி போனபிறகு விமலேஸ்வரி நனைந்த சேலையோடே கதிரையில் உட்கார்ந்தாள்.

"என்னெண்டு சொல்லப்போறியள்?"

"உள்ளதைத்தான்."

"உள்ளதெண்டால்?"

அவர் துவாயைப் பிழிந்து கொடியில் போட்டார்.

உள்ளது இதுதான். அவர்களுடைய மகன் திலீபன் எந்த விமானத்தையும் ஓட்டவில்லை. அவன் வெளிநாடு போனது உண்மை. படித்து முடித்து லைசென்ஸ் எடுத்ததும் உண்மை. வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக அவன் நின்ற படத்தைப் பெரிதாக அடித்து இளைஞர் கழகத்துப் பெடியள் சந்தியில் கட்டினார்கள். படித்த பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அவன் திரும்பி வந்த காலத்தில் கொரோனாவால் விமானங்கள் முடங்கிக் கிடந்தன. அது தெளிந்தபோது நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. எல்லாம் ஓய்ந்தபிறகு அவன் எழுதிப் போட்ட இடமெல்லாம் ஒரே பதிலைச் சொன்னது. பறந்த மணித்தியாலம் போதாது.

இப்போது அவன் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு களஞ்சியத்தில் வெளிநாட்டுக்குப் போகும் பொதிகளைக் கட்டி அடுக்குகிறான். ஊரில் யாரும் கேட்டால், "தம்பி எயார்போட் பக்கந்தான்" என்று விமலேஸ்வரி சொல்வாள். பொய் சொல்லவில்லை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்வாள். மீதியைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

"ஜெயரூபியின்ர விசயம் சரிவரட்டும்" என்றாள் விமலேஸ்வரி. "அதுக்குப் பிறகு ஆருக்கு எதைச் சொன்னாலும் நான் கேக்கேல்லை."

மகள் ஜெயரூபி முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். மாங்குளத்தில் ஒரு கடைக்காரக் குடும்பத்திலிருந்து சம்பந்தம் பேசி, சாதகமும் பொருந்தியிருந்தது. பேச வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பன் முதலில் கேட்டது, "மூத்தவர் பைலட் எல்லோ?" என்பதுதான்.

"அதுக்குள்ள கணபதி காணியை வித்திடுவான், விமலா."

"விக்கட்டுமன். நாங்களும் வித்தனாங்கள்தானே. ஆர் வந்து எங்களுக்குச் சொன்னது?"

கனகலிங்கம் எழுந்து படங்குக்கு மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வீதிக்குப் போனார்.

திலீபன் சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினான். மெலிந்திருந்தான். விமலேஸ்வரி இரணைமடுக் குளத்து ஜப்பான் மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். குத்தரிசிச் சோறு, முருங்கையிலை வறை. அவன் ஆவலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கனகலிங்கம் கணபதி வந்துபோனதைச் சொன்னார். மீற்றிங்கில் அவனது பெயரைச் சொன்னதைக் கேட்டதும் அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"என்ர பேரையோ?"

"ஓம்."

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை அப்பா."

"அப்ப அதுவும் ஏமாத்துத்தானே."

"இல்லை அப்பா. அதுதான் கரைச்சல். அவங்கள் ஏமாத்தியிருந்தால் பொலிசுக்காவது போயிருக்கலாம்." அவன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "பதினாறு மாதம் எண்டாங்கள், பதினாறு மாதத்தில தந்தாங்கள். இருநூறு மணித்தியாலம் பறந்தனான். படிப்பிச்ச ஆக்களும் நல்ல ஆக்கள். லைசென்சும் உண்மையான லைசென்ஸ். ஆனால் அதைக் கொண்டுபோய் எயார்லைன் வாசல்ல நிண்டால், ஆயிரத்தைந்நூறு மணித்தியாலம் பறந்திட்டு வா எண்டுறாங்கள். மிச்சத்தை எங்க பறக்கிறது? அவங்கள் சின்னப் பிளேனை ஓட்டத்தான் சொல்லித்தந்தவங்கள். பெரிய பிளேன் ஒவ்வொண்டுக்கும் தனித்தனியாப் பயிற்சி இருக்கு. அதுக்கு இன்னொரு வயல் வேணும்."

"உன்னோட படிச்ச ஒருத்தன் ஓட்டுறான் எண்டு சொன்னனி."

"வினோதன். அவன்ர தகப்பன் அந்தப் பயிற்சிக்கும் கட்டினவர். கட்டிப்போட்டும் ரெண்டு வருசம் சும்மா வீட்டில வச்சிருந்து சாப்பாடு போட்டவர். அப்பிடி ஏலுமான ஆக்களுக்கு இது நல்ல பாதைதான் அப்பா, நான் இல்லை எண்டு சொல்லேல்லை. நாங்கள் முதல் படியிலயே எல்லாத்தையும் வித்திட்டு ஏறிட்டம். அதுக்கு மேல படி இருக்கெண்டு அவங்களும் சொல்லேல்லை. கேக்கவும் எங்களுக்குத் தெரியேல்லை."

விமலேஸ்வரி அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். "சாப்பிடு அப்பன்."

"பறக்காமல் இருந்தால் அந்த லைசென்சும் செத்துப்போகும் அம்மா. புதுப்பிக்கிறதுக்கும் பறக்கோணும். போன வருசத்தோட அது முடிஞ்சுது. நான் சொல்லேல்லை."

குசினிக்குள் நின்ற ஜெயரூபி வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, போய்ச் சொல்லுங்கோ. நிரோஜா என்னோட பழகின பிள்ளை. எனக்காக யோசியாதேங்கோ."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் சட்டி கழுவத் தொடங்கினாள். ஒரே சட்டியை நெடுநேரம் கழுவுவது விறாந்தை வரை கேட்டது.

மறுநாள் பின்னேரம் தகப்பனும் மகனும் கணபதி வீட்டுக்குப் போனார்கள். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறிய கல்வீடு. முன் சுவருக்கு மட்டும் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். முற்றத்தில் கச்சான் கடலை பிடுங்கிக் காயப் போட்டிருந்தது. திலீபனைக் கண்டதும் கணபதி ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நிரோஜா கதிரைகளைத் துடைத்துப் போட்டுவிட்டு, கதவு நிலையோடு நின்றாள். ஒல்லியான பிள்ளை, கண்ணாடி போட்டிருந்தாள். வீரம்மா கோதம்பமா ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பலோடு கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்புடுங்க தம்பி. அங்க பிளேனுக்குள்ள இந்தச் சாப்பாடு கெடைக்குமா?"

திலீபன் ரொட்டியைத் தொடவில்லை. தகப்பனிடம் சொன்னதை எல்லாம் ஒழுங்காக, அவசரப்படாமல், ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். மணித்தியாலக் கணக்கையும் இரண்டாவது பயிற்சியையும் வினோதனையும் சொன்னான். கணபதி ஆரம்பத்தில் தலையாட்டிக் கேட்டார். போகப் போகத் தலையாட்டுவது நின்றது.

"அப்ப இப்ப தம்பிக்கு எங்க வேல?"

"ஒரு ஸ்ரோர்சில. பொதி கட்டி அடுக்கிறன்."

"எயார்போட்டுலன்னு அம்மா சொன்னாங்களே."

"அதுக்குக் கிட்டத்தான்."

கணபதி சிரிக்கப் பார்த்தார். "சும்மா சொல்லாதீங்க தம்பி. சட்டையோட நீங்க நிக்கிற படம் இன்னும் நம்ம புள்ள போனுல இருக்கு."

திலீபன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவருக்கு முன்னால் நீட்டினான். பொதி கட்டும் பட்டி அறுத்த கோடுகள் விரலுக்கு விரல் இருந்தன. கணபதி குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "வெவசாயி மகன் கை அப்புடித்தான் தம்பி இருக்கும்" என்றார்.

"கணபதி, பெடியன் வெக்கத்தை விட்டுச் சொல்லுறான்" என்றார் கனகலிங்கம். "கம்பஸ் கிடைச்சிருக்கு. காசில்லாத படிப்பு. பிள்ளை அதைப் படிக்கட்டும். படிச்சிட்டுப் பறக்கிறதெண்டால் பிறகு பறக்கட்டும்."

"ஒங்க புள்ளய நீங்க கம்பசுக்கு அனுப்பலயே ஐயா."

"அவனுக்குக் கிடைக்கேல்லையப்பா."

"கெடச்சிருந்தா அனுப்பியிருப்பீங்களா, இல்ல பிளேனுக்கா?" கணபதியின் குரல் இறங்கியே இருந்தது. "மண்டபத்துல நெறையப் பேர் இருந்தாங்க ஐயா. டீச்சர்மாரு, பாங்க்ல வேல செய்யிறவங்க. அவங்கள்லாம் முட்டாளுங்களா? ஒங்களுக்கு மட்டுந்தான் வெளங்குச்சா?"

"அவங்களுக்கு மாதச் சம்பளம் வருது. விழுந்தாலும் எழும்புவினம். உனக்கு என்ன விசரே கணபதி? உள்ள ரெண்டு ஏக்கரையும் வித்துப்போட்டு நீ என்ன செய்யப்போறாய்? திரும்பவும் கூலிக்கு இறங்கப்போறியே?"

சொன்ன பிறகுதான் கனகலிங்கத்துக்குத் தன் வாயிலிருந்து வந்தது காதில் விழுந்தது. நிரோஜா கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். வீரம்மா சுவரைப் பார்த்தாள்.

கணபதி ரொட்டித் தட்டைத் திலீபன் பக்கம் நகர்த்தினார். கோபப்படவில்லை. நெடுநாளாகத் தெரிந்த ஒன்று கடைசியில் வெளியே வந்ததுபோல இருந்தது அவரது முகம்.

"அதுதானே ஐயா விசயம்" என்றார். "ஒங்க புள்ள ஏறுன எடத்துல தோட்டக்காட்டான் புள்ள ஏறக்கூடாது. இத மொதல்லயே சொல்லியிருக்கலாம். தம்பிய இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து பொய் சொல்ல வச்சிருக்க வேண்டியதில்ல."

"அண்ணை, நான் சொன்னதெல்லாம் உண்மை" என்றான் திலீபன்.

"சரி தம்பி. உண்மையாவே இருக்கட்டும். சாப்புடுங்க."

யாரும் சாப்பிடவில்லை. திரும்பி வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த கனகலிங்கம், "நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லை தம்பி" என்றார். திலீபன், "தெரியும் அப்பா" என்றான். பிறகு வீடு வரும்வரைக்கும் வாய்க்கால் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கூட வந்தது.

கதை அடுத்த நாளே சந்திக் கடைக்கு வந்துவிட்டது. வந்த விதம் வேறாக இருந்தது. கணபதி மகள் படிக்கப் போவது கனகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லையாம்; தன் மகன் மூட்டை தூக்குகிறான் என்று கூடச் சொல்லித் தடுக்கப் பார்த்தாராம். கடைக்காரர் அதைக் கனகலிங்கத்துக்கே சொல்லி, "ஏன் அண்ணை உங்களுக்கு இந்த வேலை?" என்று கேட்டார். கனகலிங்கம் பாணையும் சீனியையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

உண்மையை உண்மையாகவே எடுத்துக்கொண்டவர்கள் மாங்குளத்து மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான். எப்படியோ அவர்கள் காதுக்கும் போயிருந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு தரகர் போன் எடுத்து, மாப்பிள்ளைக்கு இந்த வருடம் தசை சரியில்லையாம், பிறகு பார்ப்போம் என்றார். சாதகம் பொருந்தியிருக்கிறது என்று முதலில் சொன்னவரும் அதே தரகர்தான். ஜெயரூபி அன்றைக்கும் முன்பள்ளிக்குப் போனாள். பின்னேரம் வந்து பிள்ளைகள் கீறிய படங்களைக் கதிரையில் அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விமலேஸ்வரி கணவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சில நாட்கள் அவருக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவாள்.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்க முன்பு கணபதியின் இரண்டு ஏக்கரும் கைமாறிவிட்டது. சட்டப்படி விற்க முடியாத பெர்மிட் காணி என்றபடியால் வாங்கியவர் அரைவாசி விலைதான் கொடுத்தார் என்று கதைத்தார்கள்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள் நிரோஜா சைக்கிளில் வந்தாள். திலீபன் லீவில் வந்து நின்றான். தகப்பனும் அவனும் கிணற்றடியில் மிளகாய்க் கன்றுகளுக்குத் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டர் இரைச்சலில் அவள் வந்தது கேட்கவில்லை. திலீபன் மோட்டரை நிறுத்தினான்.

"அப்பாவுக்குத் தெரியாது நான் இஞ்ச வந்தது" என்றாள்.

"இரு பிள்ளை" என்று கனகலிங்கம் கிணற்றடிக் கல்லைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"திலீபன் அண்ணை, நீங்கள் அண்டைக்குச் சொன்னதெல்லாம் உண்மை எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும். பிறகு இன்ரநெற்றிலயும் தேடிப் பாத்தனான். உங்களைப் போலக் கனபேர் எழுதியிருக்கினம்."

"பிறகேன் போறீர்?" திலீபனுக்குக் குரல் உயர்ந்தது. "அப்பாவிட்டைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். அவையள் உன்ர மனசையும் கெடுத்துப்போட்டினம் எண்டார். நான் சொல்லச் சொல்ல, அவர் இன்னும் கெதியாக் காணியை வித்தார்." அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தாள். "முதல் பகுதிக் காசு கட்டியாச்சு. அது திரும்பி வராது. கம்பசுக்குப் பதியிற நாளும் முடிஞ்சுது."

மிளகாய்ப் பாத்தியில் தண்ணீர் தானாகவே கரையை உடைத்துக்கொண்டு மற்றப் பாத்திக்குள் இறங்கியது. ஒருவரும் மண் இழுத்து மறிக்கவில்லை.

"இப்ப போகமாட்டன் எண்டு நான் நிண்டால், அவருக்கு என்ன மிச்சம் இருக்கு?" என்றாள் நிரோஜா. "காணியும் இல்லை, கதையும் இல்லை. போனால் பதினாறு மாதம் இருக்கு. அந்தப் பதினாறு மாதமும் அவர் சந்தியில நிமிந்து நடப்பார். அவர் அப்பிடி நடந்து நான் பாத்ததில்லை, அண்ணை. இந்த மாதந்தான் பாக்கிறன்."

"அதுக்குப் பிறகு?"

"அதைத்தான் உங்களிட்டக் கேக்க வந்தனான். திரும்பி வந்து இறங்கின அண்டைக்கு, எல்லாரும் மாலையோட நிக்கேக்க, நீங்கள் எப்பிடி நிண்டனீங்கள்?"

திலீபன் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தான்.

"அண்டைக்கு எனக்குத் தெரியாது, நிரோஜா" என்றான். "வேலை கிடைக்கும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் நிண்டனான்."

அவள் தலையாட்டினாள். தனக்கு அந்த நம்பிக்கைகூட இருக்காது என்பதை அவள் அப்போதே விளங்கிக்கொண்டதுபோல இருந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, "அப்பாவிட்ட நான் நீங்கள் சொன்னதுகளை நம்புறன் எண்டு தயவுசெய்து சொல்லிப்போடாதேங்கோ, பெரியப்பா" என்றாள். இதற்கு முன்பு அவள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் போனபிறகு திலீபன் மோட்டரைப் போடவில்லை. கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து முகத்தைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டான். கனகலிங்கம் பக்கத்தில் போய் நின்றார். தன் துவாயை எடுத்து அவன் தோளில் போட்டார்.

பிரியாவிடைக் கூட்டத்துக்குச் சொல்ல வீரம்மாதான் வந்தாள். படலைக்கு வெளியே நின்றே சொன்னாள். "சனசமூக நிலையத்துல வைக்கிறாங்கம்மா. அவரு கூப்புடச் சொல்லல்ல. நாந்தான் வந்தேன். ஐயா வராம இருந்தா ஊரு இன்னும் கதைக்கும். புள்ள போற நேரம், மனசு ஒரு மாதிரியா இருக்கு."

"வருவினம்" என்றாள் விமலேஸ்வரி. உள்ளே போய், இந்தப் போகத்துப் புது நெல்லில் குத்திய அரிசியில் செய்த பயற்றம் பணியாரத்தைப் பையில் போட்டுக் கொடுத்தாள். "பிள்ளை கொண்டுபோகட்டும். கனநாளைக்குப் பழுதாகாது."

சனசமூக நிலையத்தின் முன்னால் தகரப் பந்தல் போட்டு, கதிரைகள் அடுக்கி, ஒலிபெருக்கியும் கட்டியிருந்தார்கள். சந்தியில் புதிய படம் கட்டியாகிவிட்டது. அதில் நிரோஜா பள்ளிக்கூடச் சீருடையில் நின்றாள், பின்னால் பெரிய விமானம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கணபதி வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாக வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டார். கனகலிங்கம் வந்தபோதும் கும்பிட்டார். கண்ணைப் பார்க்கவில்லை.

அதிபர் பேசினார், கிராமசேவையாளர் பேசினார். பிறகு இளைஞர் கழகத் தலைவர் ஒலிவாங்கியில், இந்தக் கிராமத்தின் முதல் விமானியைப் பெற்ற தகப்பனார் இப்போது நிரோஜாவுக்கு மாலை அணிவித்து வாழ்த்துவார் என்று அறிவித்தான். அவன் நல்லெண்ணத்தில்தான் செய்தான். இரண்டு குடும்பத்தையும் சேர்த்துவைக்க நினைத்தான். கூட்டம் திரும்பி கனகலிங்கத்தைப் பார்த்தது.

அவர் எழுந்து நடந்தார். கையில் யாரோ மாலையைத் தந்தார்கள். நிரோஜா அவருக்கு முன்னால் தலையைக் குனிந்தாள். அவ்வளவு கிட்டத்தில் அவளுடைய உதடுகள் இறுகியிருப்பது தெரிந்தது. மாலையைப் போட்டார். ஒலிவாங்கியை அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்கள்.

வரும் வழியெல்லாம், கேட்டால் இரண்டு சொல்லோடு நிறுத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார். இப்போது முன் வரிசையில் கணபதியைக் கண்டார். கணபதி கதிரையில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நுனியில் இல்லை. ஆனால் இரண்டு கைகளாலும் கதிரையின் ஓரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கனகலிங்கத்தின் வாயையே பார்த்தபடி இருந்தார்.

"இவள் என்ர பிள்ளை மாதிரி" என்று தொடங்கினார் கனகலிங்கம். செருமிக்கொண்டார். "இந்தப் படிப்பு நல்ல படிப்பு. என்ர மகன் எப்பிடி நல்லா வந்தானோ, அப்பிடி இவளும் வருவாள். ஒருத்தரும் ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை."

கூட்டம் கைதட்டியது. பின் வரிசையில் ஜெயரூபி கைதட்டாமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விமலேஸ்வரி தட்டினாள்.

அவர் மேடையால் இறங்க முன்பே கணபதி எழுந்து வந்துவிட்டார். அத்தனை பேருக்கும் முன்னால் கனகலிங்கத்தின் கைகளைப் பிடித்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு விம்மினார். கனகலிங்கம் கைகளை இழுக்கவில்லை.

"மன்னிச்சிருங்க ஐயா" என்றார் கணபதி. "இத்தன நாளும் கண்ணு மூட முடியல எனக்கு. நீங்க அன்னைக்குச் சொன்னது நெசமா இருந்துருமோன்னு பயந்துட்டேன்."